பதினைந்து தோட்டா டப்பா

அக்டோபர் 12, சனி

இன்று எனக்குக் கைவிலங்கு போட்டார்கள். எனக்கு! குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் கலாமணிக்கு!

புது கார் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. ஆயுத பூஜைக்கு நியூஜெர்சி கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டே ஆகவேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். மாமா என்றால் என் வீட்டுக்காரர் பூபதி. எங்கள் ஈரோட்டுப் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் கோயில். குருக்கள் வண்டிக்குப் பொட்டு வைத்து, முன்னும் பின்னும் சாமந்தி மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்பினார். பின்னால் போட்ட மாலை நம்பர் பிளேட்டை மூடிவிட்டது. மாலை மூடாத இடத்தில் மாமா தன் கையால் அப்பிய சந்தனம். நம்பரே தெரியாமல் வண்டி ஓட்டினால் போலீஸ்காரன் கும்பிட்டு வழிவிடுவானா?

பாலத்துக்கு இரண்டு மைல் முன்னால் நிறுத்தினான். நல்ல பையனாகத்தான் பேசினான். மாலை அழகாக இருக்கிறது, ஆனால் நம்பர் தெரிய வேண்டும் என்றான். அப்புறம் குனிந்து என் மடியைப் பார்த்தான். மடியில் தாம்பாளம். தேங்காய் மூடி, வாழைப்பழம், விபூதிப் பொட்டலம், நடுவில் குங்குமப் பொட்டோடு அந்த டப்பா. தோட்டா அடைத்துத் துப்பாக்கிக்குள் செருகுவார்களே, மேகசின். துப்பாக்கி கிடையாது. தோட்டா ஒன்றுகூடக் கிடையாது. வெறும் இரும்பு டப்பா. பதினைந்து தோட்டா பிடிக்கும். எங்கள் பென்சில்வேனியாப் பக்கம் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்து விற்கிறார்கள். நியூஜெர்சியில் பத்துக்கு மேல் பிடிக்கிற டப்பாவை வைத்திருந்தாலே குற்றமாம்.

யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். என் மடியில்தானே இருந்தது, வேறென்ன சொல்வது.

நான்கு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். பத்து விரலிலும் ரேகை எடுத்தார்கள். டப்பாவைக் கவரில் போட்டுச் சீல் வைக்கிற பெண், சிவப்பைப் பார்த்துவிட்டு, இது ரத்தமா என்று கேட்டாள். குங்குமம் என்றேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். பட்டுப்புடவையோடு நின்றுகொண்டு போலீஸ்காரிக்குக் குங்குமம் எழுதக் கற்றுக்கொடுத்தேன்.

கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் காகிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருடம் வரை சிறை இருக்கலாம் என்று அதில் அச்சடித்திருக்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். புடவையில் ரேகை மை ஒட்டியிருக்கிறது, போகவில்லை.

அந்த டப்பாவுக்குரிய துப்பாக்கி வீட்டுக்கு வந்த கதையையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. இரண்டும் நம்மவர் வீடு. தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறார்களாம். அடுத்த வாரமே மாமா போய்த் துப்பாக்கி வாங்கிவந்தார். இங்கே அது பால் பாக்கெட் வாங்குகிற மாதிரி. குடியுரிமை வராத பச்சை அட்டைக்காரருக்கும் கொடுக்கிறார்கள், சட்டப்படி சரிதான். அதைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் கண்ணாடி முன்னால் பிடித்து நிற்பதுமாக, நாற்பத்தெட்டு வயதில் மனிதருக்கு இப்படி ஒரு ஆசை.

வெள்ளிக்கிழமை வீட்டில் பூஜைக்கு அதைக் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைக்கப் போனார். "என்ற சாமி முன்னால அந்தக் கருமாந்திரத்தை வெச்சீங்கன்னா நான் வெளக்கே பத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நியூஜெர்சிக்குத் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்று அவருக்குத் தெரியும், யாரிடமோ போனில் விசாரித்துவிட்டார். அதனால் துப்பாக்கி வீட்டிலேயே பெட்டியில் இருந்தது. டப்பா மட்டும் வந்தது.

எப்படி வந்தது என்றால், வந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

கைதானால் மூன்று நாளைக்குள் காப்பகத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னேன். டைரக்டர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சாவியை வாங்கிக்கொண்டாள். கேஸ் முடிகிறவரை வர வேண்டாமாம். பதினோரு வருடம். அலமாரியில் இருந்த என் செருப்பு, டீ கப், பிள்ளைகள் வரைந்து கொடுத்த படங்கள், எல்லாம் ஒரு பையில் அடங்கிவிட்டன. ஒரு பிள்ளை ஓடிவந்து, மிஸ் கலா, தூங்கும் நேரத்துக்கு வந்துவிடுவாயா என்று கேட்டது. வந்துவிடுகிறேன் என்றேன். வாயைத் திறந்தாலே பொய்தான் வருகிறது இப்போது.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு யாரும் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

நியூஜெர்சி வக்கீலம்மாவைப் பார்த்தோம். வெள்ளைக்காரி, பேச்சில் சுற்றி வளைப்பே இல்லை. மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டாள்: அது உண்மையிலேயே உங்களுடையதா?

ஆமாம் என்றேன்.

குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினாள். பிறகு சொன்னாள்: நீங்கள் குடிமகள், அதனால் பிழைத்தீர்கள். பச்சை அட்டைக்காரராக இருந்திருந்தால் துப்பாக்கி வேண்டாம், அதன் பாகமோ உதிரியோ போதும், நாட்டைவிட்டு அனுப்புகிற அளவுக்குப் போகலாம். குடியுரிமை கேட்டு மனு கிடந்தால் அதுவும் அதோகதிதான்.

மாமாவின் மனு கிடக்கிறது. ஊரில் பங்காளித் தகராறு என்று எட்டு மாதம் போய் உட்கார்ந்துகொண்டதில் அவருக்குத் தள்ளிப்போயிற்று. எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அவருக்குப் பிப்ரவரியில் நேர்காணல்.

வரும் வழியில் வக்கீல் சொன்னதை அவரிடம் சொன்னேன். ஸ்டியரிங்கைத் தட்டினார். "பாத்தியா! அன்னைக்கு எனக்கு எப்படி மூளை வேலை செஞ்சுது பாத்தியா அம்மிணி!"

பாலத்தின் நடுவில் ஒரு பலகை இருக்கிறது, இந்தப் பக்கம் இந்த மாநிலம், அந்தப் பக்கம் அந்த மாநிலம் என்று. அதைத் தாண்டிய பிறகுதான் ரேடியோ போட்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

பனி. வாசலில் குவிந்ததைத் தள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

சும்மா வீட்டில் இருந்தால் புத்தி எங்கெங்கோ போகிறது. இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதாவிட்டால் எனக்கே மறந்துபோகும் என்று பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

தாம்பாளத்தில் டப்பாவை வைத்தது மாமா. ஜிப்பா பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரியாது. கோயில் வாசலில் எடுத்துத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். "என்னங்க மாமா இது" என்றேன். "துப்பாக்கிதான் கூடாது. இது வெறும் டப்பா. டிபன் பாக்ஸ் மாதிரி. நீதான் வூட்டுச் சாமி முன்னால வெக்க வுடல" என்றார். குருக்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை, வண்டிச் சாமான் என்று நினைத்துப் பொட்டு வைத்துவிட்டார்.

போலீஸ்காரன் யாருடையது என்று கேட்டபோது நான் மாமாவைத்தான் பார்த்தேன். அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். "உன்றதுன்னு சொல்லிப்போடு அம்மிணி. நீ சிட்டிசன். உனக்கு ஒண்ணும் ஆகாது."

சொல்லிப்போட்டேன். என்னை யாரும் அடித்துச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவர் போய்விட்டால் நான் மட்டும் இங்கே என்ன செய்ய?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்தது.

வக்கீலம்மா நல்ல வழி ஒன்று பிடித்திருக்கிறாள். முதல் குற்றம் என்பதால் ஒரு வருடம் கண்காணிப்பில் இருந்தால் போதும். ஒழுங்காக இருந்தால் கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சிறை இல்லை. ஆனால் அந்த ஒரு வருடமும் காப்பக வேலை இல்லை.

அதற்கு ஒரு படிவம். நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும் என்று போட்டிருந்தது. மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் வீட்டுப் பாதுகாப்புக்காக நான் வைத்திருந்தது, வேறு மாநிலச் சட்டம் எனக்குத் தெரியாது, என் அறியாமைக்கு வருந்துகிறேன். அறியாமைக்கு ஆங்கில எழுத்து சரியா என்று செல்போனில் பார்த்துச் சொன்னார். அக்கறையான மனிதர்.

கீழே, எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி. கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

புதன்கிழமை கோர்ட்டில் ஏற்றுக்கொண்டார்கள். நிபந்தனைகள் வாசித்தார்கள். மாதம் ஒருமுறை ஆஜராக வேண்டும். அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. நான் குடியிருக்கிற வீட்டில் துப்பாக்கியோ தோட்டாவோ அதன் பாகமோ இருக்கவே கூடாது. இருந்தால் எல்லாம் ரத்து, கேஸ் மறுபடி முதலிலிருந்து. நியூஜெர்சி கேஸ்தான், ஆனால் நான் இந்தப் பக்கம் இருப்பதால் பென்சில்வேனியா அதிகாரிதான் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம்.

"வித்துப் போடறேன், கவலைய வுடு" என்றார் மாமா. நேற்று சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நேற்றுத்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊற்றி.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமாவின் நேர்காணலுக்குத் தினமும் நான்தான் கேள்வி கேட்கிறேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி யார், செனட்டில் எத்தனை பேர். எல்லாம் டக்கென்று சொல்கிறார். பிற்பாடு ஆமாம்-இல்லை கேள்விகள். அதில் ஒன்று: குற்றம் செய்து, அதற்காகக் கைதாகாமல் இருந்ததுண்டா?

"நோ."

சாதம் இறக்கி வைக்கிற சாக்கில் எழுந்துபோய்விட்டு வந்து, கேள்வியைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று சொல்லி மறுபடி கேட்டேன். "நோ" என்றார். கண் கூட இமைக்கவில்லை. "அடுத்தது கேளு அம்மிணி."

பிப்ரவரி 20, வியாழன்

பாஸ். மார்ச் பத்தொன்பதாம் தேதி உறுதிமொழி விழா. அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் இவரும் குடிமகன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாயசம் வைத்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஸ்வெட்டர் பெட்டியை இறக்கினேன். அடியில் துப்பாக்கி. இரண்டு டப்பா, தோட்டாப் பெட்டி, எண்ணெய்த் துணி, எல்லாம் பத்திரமாக.

அவர் வந்ததும் கேட்டேன். "சிநேகிதன் வூட்டுல கொழந்தைங்க இருக்குதாமா, வேண்டாம்னுட்டான். வித்தா பாதி வெலைகூட வராது. வெச்சிருந்தா யாருக்குத் தெரியப்போவுது? நகை வூட்ல கெடக்குதில்ல?"

"எனக்குக் கேஸ் திரும்பிருமுங்க மாமா. செயில்ல போட்டுருவாங்க."

"அந்தளவுக்குப் பயமா இருந்தா, நீ வேண்ணா நங்கை வூட்ல ஒரு வருசம் இருந்துட்டு வா."

நங்கை என்றால் அவர் அக்கா ருக்மணி. அவர்கள் வீடு நியூஜெர்சியில். ஆக, துப்பாக்கி இங்கே இருக்கும், நான் என்னைப் பிடித்த மாநிலத்தில் போய் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் குடித்தனம் பண்ணிய பெண்டாட்டியையும் நானூறு டாலர் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை வீட்டைவிட்டு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறார் இந்த மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டை வீசி அடித்திருக்க வேண்டும். சோறு போட்டேன்.

மார்ச் 8, சனி

நேர்காணல் பாஸானதற்கு விருந்து. நங்கையும் அவர் வீட்டுக்காரரும், இன்னும் மூன்று குடும்பம். நான் சமையலறையில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

யாரோ கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். மாமா சொன்னார்: "அதையேன் கேக்கறீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அது அந்த ஸ்டேட்டுக்கு ஆகாது, எடுத்துட்டு வராதேன்னு. கேட்டாளா? தாம்பாளத்துல வெச்சுக் கொண்டாந்துட்டா. பக்தி முத்திப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நங்கை உள்ளே வந்து என் தோளைத் தட்டி, "போவுது வுடு கலாமணி, படிக்காதவ தெரியாம செஞ்சது. என்ற தம்பியாட்ட ஒருத்தன் கெடச்சதுக்கு நீ குடுத்து வெச்சிருக்கோணும். வேற ஒருத்தனா இருந்தா அன்னைக்கே தல முழுகியிருப்பான்" என்றார்.

பணியாரம் நன்றாக இருந்ததாம். மூன்று ஈடு போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் காபி கொடுக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன். "மாமா, அன்னைக்குத் தாம்பாளத்துல அதை வெச்சது யாருங்க?"

பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீதானே?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முகம். பொய் சொன்னால் அவருக்கு மூக்கு நுனி சிவக்கும். சிவக்கவில்லை. "ஏன், என்னாச்சு?" என்று வேறு கேட்டார். நிஜமாகவே தெரியாத மாதிரி. இல்லை, மாதிரி என்ன, நிஜமாகவே தெரியவில்லை. அந்த மனிதர் அதை நம்பிவிட்டார்.

பொய் சொல்கிறவரோடு இருந்துவிடலாம். அவருக்காக நான் என்ன செய்தேன் என்பது அவருக்குள்ளேயாவது பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

வக்கீலம்மாவுக்கு நானாகப் போன் செய்தேன். எழுதிக்கொடுத்ததை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: இப்படி இருக்கும் என்று நினைத்தேன். மாற்றினால் கண்காணிப்புத் திட்டம் ரத்தாகலாம். போலீஸிடம் பொய் சொன்னது தனிக் குற்றம். உங்கள் கணவரின் உறுதிமொழி விழா நின்றுபோகும், அதற்கு மேலும் போகலாம். இன்னும் பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் எல்லாம் அழிந்துவிடும்.

எல்லாம் அழிந்துவிடும் என்று அவள் நல்லதைத்தான் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி. கண்காணிப்பு அதிகாரி. அறுபது வயசு இருக்கும், மார்த்தா என்று பெயர் சொன்னார். வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் டீ போட்டேன்.

மாமா வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். கீழே இறங்கிவந்து சிரித்துச் சிரித்துப் பேசினார். அடுத்த புதன்கிழமை தான் குடிமகன் ஆகப்போவதாகச் சொன்னார். மார்த்தா வாழ்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இந்தக் கேஸே விசித்திரம், நம் மாநிலத்தில் இது ஒரு குற்றமே இல்லை, ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். படிவத்தை எடுத்தார். முகவரி சரியா, வேலை ஏதாவது கிடைத்ததா, வெளியூர் போனீர்களா.

"இந்த வீட்டில் துப்பாக்கி, தோட்டா, அவற்றின் பாகம் ஏதாவது இருக்கிறதா?"

"நோ மேடம்" என்றார் மாமா.

"நான் உங்கள் மனைவியைக் கேட்டேன்" என்றார் மார்த்தா. குரலை உயர்த்தவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். தைரியமாகத்தான் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"இருக்கிறது. மாடியில், அலமாரியில், ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில். அவருடையது" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "அக்டோபரில் என் மடியில் இருந்ததும் அவருடையதுதான். அவர்தான் வைத்தார். என்னுடையது என்று நான் சொன்னது பொய். எழுதிக்கொடுத்ததும் பொய்."

"கலாமணி!" என்றார் மாமா. பிறகு தமிழில், "பத்தொம்பதாந் தேதி எனக்கு விழா இருக்குதுடி" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஞாபகம் வந்துவிட்டது. கோயில் வாசல், தாம்பாளம், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னது, எல்லாமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, நான் கண்ணால் பார்த்தேன்.

"தெரியுமுங்க மாமா" என்றேன்.

மார்த்தா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். இனி நீங்கள் சொல்கிற எதையும் நான் எழுதியாக வேண்டும், உங்களுக்கு எதிராகவும் போகும், வக்கீலைக் கூப்பிட்டுவிட்டுப் பேசுவது நல்லது என்றார். என்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்.

கூப்பிடுகிறேன், அவளும் கேட்கட்டும் என்றேன். கையில் காய்ந்துபோயிருந்த மாவைக் கழுவிவிட்டு வந்து, போனை எடுத்து மேசை நடுவில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.